தோலுக்கு எவ்வளவு, தசைக்கு எவ்வளவு?

ரத்த அழுத்தத்தை இன்று எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் பார்க்கிறார்கள், வீட்டு அலமாரியில் கருவி இருக்கிறது, மருத்துவ முகாமில் வரிசையில் நின்றால் ஒரு நிமிட வேலை. ஆனால் "என் கையில் இப்போது எவ்வளவு ரத்தம் ஓடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், அந்த முகாமில் யாராலும் பதில் சொல்ல முடியாது. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. ஒரே 120/80 காட்டும் இரண்டு பேரில் ஒருவருடைய தோலில் மற்றவரைவிடப் பத்து மடங்கு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார், மற்றவர் வெயிலில் நடந்து வந்தார் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு வித்தியாசமே இல்லாமலும் போகலாம்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனிகள் ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவற்றின் கடைக்கோடியில், தந்துகிகளுக்குச் சற்று முன்னால் இருக்கும் நுண்தமனிகள். ஏரிப் பாசனத்தில் மதகு செய்யும் வேலையை உடம்பில் இவை செய்கின்றன. இவற்றின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இழைகள் இருக்கின்றன; அவை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். குழாய் வழியே போகும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து கண்டார். அந்தக் கணக்குப்படி நுண்தமனி ஐந்தில் ஒரு பங்கு விரிந்தாலே ஓட்டம் இரண்டு மடங்காகிவிடும்; இரண்டு மடங்கு விரிந்தால் பதினாறு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவை, கையைக் கீறாமல், வெளியிலிருந்து அளப்பது எப்படி?

அதற்கான வழியின் முதல் பாதியை வில்லியம் ஹார்வி 1628இலேயே எழுதி வைத்துவிட்டார். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதை நிலைநாட்ட அவர் காட்டிய சோதனைகளில் ஒன்று மேல்கையில் கட்டும் கட்டு. இறுக்கிக் கட்டினால் கை மெல்லச் சில்லிட்டுப்போகும். கட்டுக்கு மேலே தமனி துடிக்கும், கீழே நாடி இருக்காது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் நிலைமை தலைகீழ். கை சிவக்கும், வீங்கும், சிரைகள் புடைத்துக்கொள்ளும். ஆழத்தில் இருக்கும் தமனியின் அழுத்தம் அதிகம், ஆகவே பாதிக் கட்டை மீறி ரத்தம் உள்ளே வந்துவிடுகிறது. சிரையின் அழுத்தம் குறைவு, ஆகவே வந்த ரத்தம் திரும்ப வழியில்லை. ஊசி போடுவதற்கு முன் செவிலியர் கையில் ரப்பர் பட்டை கட்டுவதும் இதே பாதிக் கட்டுதான்.

ஹார்வி பார்த்த வீக்கத்தை அளந்தால் போதும், ஓட்டம் கிடைத்துவிடும். இது யாருக்கும் தோன்ற ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. பிராடி, ரஸல் என்ற இருவர் 1905இல் விலங்கின் சிறுநீரகத்தில் இதைச் செய்தார்கள். 1909இல் ஹியூலெட்டும் வான் ஸ்வாலுவென்பர்க்கும் அமெரிக்காவில் மனிதரின் முன்கையில் செய்தார்கள்.

அந்த அளவீடு எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மனிதத் தசையின் ரத்த ஓட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு உத்தியிலிருந்து வந்தது. சோதனைக்கு வருபவர் படுத்துக்கொள்கிறார். அவருடைய முன்கை, ரப்பர் உறை போட்டு, தண்ணீர் நிரம்பிய ஒரு பெட்டிக்குள் போகிறது. தண்ணீரின் சூடு 34 டிகிரி. தோலுக்குக் குளிரும் தெரியக்கூடாது, சூடும் தெரியக்கூடாது. மணிக்கட்டில் ஒரு பட்டை, மேல்கையில் ஒரு பட்டை. முதலில் மணிக்கட்டுப் பட்டையில் 200 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றேற்றி, உள்ளங்கையின் ரத்த ஓட்டத்தை அடியோடு துண்டித்துவிடுவார்கள். பிறகு மேல்கைப் பட்டையில் சுமார் 40 அல்லது 50. இதுதான் ஹார்வியின் பாதிக் கட்டு. உடனே முன்கை பருக்கத் தொடங்கும். பருத்த அளவுக்குப் பெட்டியிலிருந்து தண்ணீர் குழாயில் ஏறும். புகை படிந்த தாள் சுற்றிய உருளையில் முள் ஒரு சாய்கோட்டைக் கீறும். அந்தக் கோட்டின் சாய்வுதான் ரத்த ஓட்டம். பெட்டிக்குள் இருக்கும் கைப்பகுதி 800 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நொடியில் 4 மில்லிலிட்டர் பருத்தால் நிமிடத்துக்கு 24. அதாவது 100 மில்லிலிட்டர் சதைக்கு நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர். சும்மா இருக்கும் கையில் சாதாரணமாகக் கிடைப்பதும் ஏறத்தாழ இந்த எண்தான். பத்து, பதினைந்து நொடிக்குள் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். சிரைகள் நிரம்பிவிட்டால் கோடு படுத்துக்கொள்ளும். இந்த முறைக்குப் பெயர் பிளெத்திஸ்மோகிராஃபி.

1953இல் விட்னி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தண்ணீர்ப் பெட்டிக்கு விடை கொடுத்தார். பாதரசம் நிரம்பிய மெல்லிய ரப்பர்க் குழாயைக் கையைச் சுற்றி மாட்டினால், கை பருக்கும்போது குழாய் நீள்கிறது, பாதரச இழை மெலிகிறது, மின்தடை கூடுகிறது. பெட்டியும் புகைத்தாளும் போய்விட்டன; பாதிக் கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைய ஆய்வகங்களிலும் இருக்கிறது.

இவ்வளவு நேர்த்தியான அளவீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பெட்டி சொல்வது முன்கையின் மொத்தக் கணக்கு. முன்கை ஒரே உறுப்பு கிடையாது. வெளியே தோல், உள்ளே தசை, நடுவே எலும்பும் கொஞ்சம் கொழுப்பும். ஓட்டம் கூடியது என்று முள் காட்டினால், கூடியது எதில்? உள்ளங்கையிலும் விரல்களிலும் இந்தச் சிக்கல் குறைவு, அங்கே ஓடுவதில் பெரும்பகுதி தோலுக்கானது. முன்கையிலும் கெண்டைக்காலிலும்தான் சண்டை. தோலும் தசையும் ஒரே தமனியிலிருந்து ரத்தம் வாங்கிக்கொண்டு முற்றிலும் வேறு வேறு கட்டளைகளுக்குக் கீழ்ப்படிகின்றன என்பது தெரியாதவரை, ரத்த ஓட்டத்தைப் பற்றிய எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். "இந்த மருந்து ரத்த ஓட்டத்தைக் கூட்டும்", "இந்த எண்ணெய் ரத்த ஓட்டத்தைத் தூண்டும்" என்று விளம்பரங்கள் சொல்லும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் திசுவில் என்பது.

உடம்பைச் சூடுபடுத்தினால் முன்கையின் ஓட்டம் பல மடங்கு கூடும் என்பது 1930களிலேயே தெரியும். கூடியது தோலா தசையா என்பதில் இழுபறி இருந்தது. 1956இல் ஒரே ஆய்விதழில், 'தி ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி'யில், இரண்டு குழுக்கள் இரண்டு வேறு வழிகளில் அதைத் தீர்த்து வைத்தன.

பெல்ஃபாஸ்டில் இருந்த ராடி, ஷெப்பர்ட், வீலன் மூவரும் ஆக்சிஜனைப் பின்தொடர்ந்தார்கள். முன்கையில் இரண்டு வகைச் சிரைகள் உண்டு. மேலே நம் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் தோலிலிருந்து ரத்தத்தை வடிப்பவை. ஆழத்தில் இருப்பவை தசையிலிருந்து வடிப்பவை. தசை ஓய்வில் இருக்கும்போது அதன் ஆக்சிஜன் தேவை மாறுவதில்லை. அப்படியானால் தசைக்கு வரும் ரத்தம் கூடும்போது, ஒவ்வொரு மில்லிலிட்டரிலிருந்தும் அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் குறைய வேண்டும். வெளியேறும் ரத்தம் முன்பைவிடச் சிவப்பாக இருக்க வேண்டும். இரண்டு சிரைகளிலும் ரத்தம் எடுத்து, உடம்பைச் சூடாக்கிப் பார்த்தார்கள். மேல்சிரையின் ரத்தம் தமனி ரத்தத்தை நெருங்கும் அளவுக்குச் சிவந்தது. ஆழ்சிரையில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

லண்டன் ஹாம்ஸ்டெட்டில் எட்ஹோம், ஃபாக்ஸ், மேக்ஃபர்சன் மூவரும் எடுத்த வழி இன்னும் துணிச்சலானது: தோலையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவது. மென்மையான மின்னோட்டத்தின் உதவியால் ஒரு முன்கையின் தோலுக்குள் மட்டும் அட்ரினலினைச் செலுத்தினார்கள். அந்தத் தோலின் நுண்தமனிகள் இறுக மூடிக்கொண்டன. தோல் சுண்ணாம்பாக வெளுத்தது. தசைக்கு மருந்து போய்ச் சேரவில்லை. பிறகு ஆளைச் சூடாக்கினார்கள். சாதாரணக் கையில் ஓட்டம் ஏறியது, மருந்து செலுத்திய கையில் ஏறவில்லை. உடம்புச் சூட்டில் கூடும் ஓட்டம் முழுக்கத் தோலுடையது என்று ஆயிற்று. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு முறையில், ஒரே விடைக்கு வந்து சேர்ந்த இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் மனம் நிறைந்துவிடும்.

விடைக்கு ஒரு பின்குறிப்பு 2011இல் வந்தது. பின்லாந்தின் துர்க்கு நகரில், கதிரியக்க ஆக்சிஜன் கலந்த நீரை உடம்பில் செலுத்தி, பெட் ஸ்கேன் கருவியில் காலின் தோலையும் தசையையும் தனித்தனியாகப் படம் பிடித்து அளந்தார்கள். காலை நேரடியாகச் சூடாக்கினால் தசையின் ஓட்டமும் கூடியது. காலைத் தொடாமல் உடம்பின் மற்ற பகுதிகளைச் சூடாக்கினால் தசை அசையவில்லை. 1956இன் முடிவு நின்றது, அதன் எல்லையும் தெரிந்தது. இடுப்புப் பிடிப்புக்கு வெந்நீர்ப் பை வைப்பதும் நீராவிக் குளியல் எடுப்பதும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி.

தோல் தன் சொந்தப் பசிக்காக ரத்தம் கேட்பது மிகக் குறைவு. அதற்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி முழு உடம்பின் வெப்பக் கணக்குக்காகப் போகிறது. கணக்குப் பார்ப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். இதமான சூழலில் தோல் முழுவதற்கும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள்தான் ரத்தம் போகிறது. கடுமையான வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை ஏறும். ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்கு இறைப்பதே 5 லிட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை அழகாகக் காட்டியவர்கள் கிப்பனும் லாண்டிஸும். இதய அறுவைக்கான இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பின்னாளில் உருவாக்கிய அதே ஜான் கிப்பன்தான். 1932இல் அவர்கள் ஒருவருடைய முன்கைகளை வெந்நீரில் வைத்துவிட்டு, கால் விரல்களின் சூட்டை அளந்தார்கள். கால் விரல்கள் சூடேறின. கையில் பட்ட சூடு ரத்தத்தோடு மூளைக்குப் போய், மூளை நரம்பு வழியே கால் தோலின் குழாய்களைத் திறந்துவிட்டது.

திறப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. தோலின் ரத்தக்குழாய்களைப் பரிவு நரம்புகள் எப்போதும் ஓரளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சூட்டில் அந்தப் பிடி தளர்கிறது, அவ்வளவுதான் என்று நினைக்க இடமிருந்தது. 1938இல் கிராண்ட், ஹாலிங் இருவரும் முன்கையின் தோல் நரம்புகளை மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். பிடி தளர்வதுதான் முழுக் காரணம் என்றால், மரத்துப்போன கையின் ஓட்டம் சூடான உடம்பின் கை அளவுக்கு ஏற வேண்டும். ஏறியது கொஞ்சம்தான். சூடான கையில் நரம்பை மரத்துப்போகச் செய்தபோது, ஏறியிருந்த ஓட்டம் இறங்கியது. ஆக, மூடும் நரம்பு தவிரத் திறக்கும் நரம்பும் தோலில் உண்டு. 1995இல் அமெரிக்காவில் கெல்லாக் குழுவினர் தோலின் ஒரு சிறு வட்டத்தில் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் செலுத்தினார்கள். அழகு நிலையங்களில் போடாக்ஸ் என்ற பெயரில் போடும் அதே பொருள். சூட்டில் அந்த வட்டம் வியர்க்கவில்லை, சிவக்கவும் இல்லை. வியர்வைக்கும் குழாய் திறப்புக்கும் ஒரே வகை நரம்பு பொறுப்பு என்று தெரிந்தது.

உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு நுனி, உதடு ஆகியவை தனிச் சாதி. இங்கே தந்துகிகளைத் தொடாமல் தமனியிலிருந்து சிரைக்கு நேராகப் போகும் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றை ஆள்பவை மூடும் நரம்புகள் மட்டுமே. தேர்வுக்கூட வாசலில் உள்ளங்கை சில்லிட்டுப்போவது இதனால்தான். அதே பதற்றத்தில் தசை எதிர்த்திசையில் போகிறது என்பதையும் பெல்ஃபாஸ்டில்தான் அளந்தார்கள். மனக்கணக்கு போடச் சொன்னாலே முன்கைத் தசையின் ஓட்டம் விறுவிறுவென்று ஏறியது. ஓடவும் அடிக்கவும் உடம்பு தயாராகிறது, கையில் பிடித்திருப்பது வினாத்தாளாக இருந்தாலும்.

குளிரில் தோல் செய்யும் ஒரு வினோதத்தை லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் பதிவு செய்தார். விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் குழாய்கள் இறுக மூடி, விரலின் சூடு நீரின் சூட்டை நெருங்கிவிடும், வலிக்கும். ஐந்து, பத்து நிமிடம் பொறுத்தால், விரல் நீருக்குள்ளேயே தானாகச் சூடேறத் தொடங்கும். சில டிகிரி ஏறும், பிறகு மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். பனியில் விரல் கருகிவிடாமல் காக்கும் ஏற்பாடு இது. 1927இல் வெளிவந்த அவருடைய தோல் ரத்தக்குழாய்கள் பற்றிய நூலில் இன்னொரு புகழ்பெற்ற சோதனை இருக்கிறது. முன்கையின் தோலில் மழுங்கிய முனையால் அழுத்திக் கோடிழுத்தால் முதலில் அந்தக் கோடு சிவக்கும், பிறகு கோட்டைச் சுற்றிச் சிவப்பு பரவும், கடைசியில் கோடு தடித்து எழும்பும். எல்லா உடலியங்கியல் பாடநூலிலும் இருக்கும் இந்த விவரிப்பு வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் நிறத்தில் சுற்றிப் பரவும் சிவப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தடிப்பைத் தடவிப் பார்க்கலாம், சூட்டைப் புறங்கையால் உணரலாம். நம் மருத்துவ மாணவர்களுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

தசை வேறு மாதிரி. அதன் எஜமான் அதுவேதான். வேலை செய்யும் தசை வெளியேற்றும் பொருள்களே, பொட்டாசியம், அடினோசின், அமிலம், இன்னும் பல, பக்கத்தில் உள்ள நுண்தமனியைத் தளர்த்துகின்றன. முதல் சுருக்கம் நடந்த ஓரிரு நொடிகளில் ஓட்டம் ஏறத் தொடங்கிவிடும். இதில் எது முக்கியமான பொருள் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். ஒன்றைத் தடுத்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. உடம்பு இந்த விஷயத்தில் ஒற்றைக் கயிற்றை நம்பவில்லை.

குழாயின் உள்சுவரே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடின் பங்கை 1989இல் லண்டனில் வேலன்ஸ், காலியர், மொன்காடா மூவரும் காட்டினார்கள். அந்த வாயு உருவாவதைத் தடுக்கும் மருந்தை ஒரு கையின் தமனியில் சிறு அளவில் செலுத்தியதும், சும்மா இருந்த முன்கையின் ஓட்டம் பாதியளவு குறைந்தது. நம் ரத்தக்குழாய்கள் திறந்திருப்பது தானாக நடப்பதில்லை, ஒவ்வொரு நொடியும் அந்த வாயு சுரப்பதால் நடக்கிறது. அளக்கப் பயன்பட்டது பழைய பாதிக் கட்டு. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை இந்தச் சுரப்பைத்தான் முதலில் கெடுக்கின்றன. மாரடைப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே கை அதைச் சொல்லிவிடும்.

தசை சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹென்றி பார்க்ராஃப்டும் டார்ன்ஹார்ஸ்டும் 1949இல் கெண்டைக்காலில் இதை அளந்தார்கள். ஒவ்வொரு சுருக்கத்திலும் ஓட்டம் தடைப்பட்டது, இடைவெளிகளில் பாய்ந்து வந்தது. நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் விரல்களும் முன்கையும் சில நிமிடங்களில் கடுப்பதற்குக் காரணம் பாரம் மட்டும் அல்ல, இறுகிய தசைக்கு ரத்தம் வர வழியில்லை. கீழே வைத்ததும் குழாய்கள் முழுக்கத் திறந்து, பட்ட கடனையெல்லாம் அடைக்கிற வேகத்தில் ரத்தம் பாயும்.

ஓடும், மிதிக்கும் தசையில் உச்சகட்ட ஓட்டம் எவ்வளவு என்பது நெடுநாள் கைக்கு எட்டவில்லை. தண்ணீர்ப் பெட்டியும் பாதரசக் குழாயும் அசையாத கைகால்களுக்கானவை. 1964இல் லாசன் குழுவினர் கோபன்ஹேகனில் கதிரியக்க ஜெனான் வாயுவைத் தசைக்குள் ஊசியால் செலுத்தி, ரத்தம் அதை எவ்வளவு விரைவாகக் கழுவிக்கொண்டு போகிறது என்று எண்ணினார்கள். நல்ல முறை, ஆனால் கடும் உழைப்பில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டியது. அதே நகரில் 1985இல் பெர் ஆண்டர்சன், பெங்ட் சால்டின் இருவரும் ஒரு எளிய யோசனை செய்தார்கள். முழு உடம்பையும் உழைக்கவிடாமல், தொடையின் முன்பக்கத் தசை ஒன்று மட்டும் உதைக்கிற மாதிரி ஒரு கருவி. தொடைச் சிரைக்குள் குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி, அது எவ்வளவு சூடேறி வருகிறது என்பதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். கிலோ தசைக்கு நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் வந்தது. பாடநூல்கள் அதுவரை வைத்திருந்த உச்சவரம்பு இதில் பாதிகூட இல்லை.

இந்த எண்ணை அப்படியே விட்டுவிடாமல் பெருக்கிப் பாருங்கள். 70 கிலோ மனிதரின் உடம்பில் தசை 30 கிலோ அளவில் இருக்கும். எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 75 லிட்டர் வேண்டும். சாதாரண ஆளின் இதயம் உச்ச முயற்சியில் 20, 25 லிட்டர் இறைக்கும். தேர்ந்த ஓட்டப்பந்தய வீரருக்கு முப்பதைத் தாண்டலாம். தசைகள் கேட்பதைக் கேட்டபடி கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து மூளை அணைந்துபோகும். ஆகவே தசை தன் குழாயைத் திறக்கத் திறக்க, பரிவு நரம்பு அதே குழாயை இறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஓடும் ஒவ்வொருவரின் காலிலும் இந்த இழுபறி நடக்கிறது.

வெயிலில் உழைக்கும்போது இதில் தோலும் சேர்ந்துகொள்கிறது. தசை 20 லிட்டர் கேட்கிறது, தோல் 6 லிட்டர் கேட்கிறது, வியர்வை போகப்போக ரத்தத்தின் மொத்த அளவே குறைகிறது. உடம்பு அப்போது எடுக்கும் முடிவு ஆபத்தானது. உள்சூடு சுமார் 38 டிகிரியைத் தாண்டியதும், உழைத்துக்கொண்டிருப்பவரின் தோலுக்குப் போகும் ஓட்டம் மேலே ஏறாமல் நின்றுவிடுகிறது, சூடு ஏறிக்கொண்டே போனாலும். அழுத்தத்தைக் காப்பாற்ற வெப்பக் கணக்கு பலியாகிறது. நடுப்பகலில் கட்டட வேலையிலும் உப்பளத்திலும் மன உறுதியால் தாக்குப்பிடிக்கலாம் என்று மேஸ்திரிகள் நினைப்பது தவறு. நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றும் அந்த இதயத்தின் சுமையிலிருந்து லிட்டர் கணக்கில் குறைப்பவை. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் பழகினால் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் முதல் நாளே பழையவர்களுக்கு ஈடாக நிற்கக்கூடாது.

மயக்கம் என்பது இதே கணக்கு சட்டென்று முறிவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பார்க்ராஃப்ட், எட்ஹோம், மக்மைக்கேல், ஷார்ப்பி-ஷேஃபர் நால்வரும் தன்னார்வலர்களிடம் ரத்தம் எடுத்து, தொடைகளில் பட்டை கட்டி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து, அவர்கள் மயங்கும் கணத்தில் முன்கை ஓட்டத்தை அளந்தார்கள். 1944இல் வெளியிட்ட முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேரெதிர். முகம் வெளுத்து, நாடி விழுந்து, அழுத்தம் சரிந்த அந்த நேரத்தில் முன்கையின் ஓட்டம் கூடியிருந்தது. வெளுத்தது தோல். உள்ளே தசையின் குழாய்கள் திறந்துகொண்டு, இருக்கிற ரத்தத்தை வாங்கிக்கொண்டிருந்தன. முகத்தைப் பார்த்து உடம்பு முழுவதும் சுருங்கிவிட்டது என்று நினைத்தால் தவறாகிவிடும். மயங்கியவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்காதீர்கள். படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள்.

இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை ஒளியை நம்புபவை. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் விரலில் விளக்கொளி பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் ஒளியை விழுங்குவதைப் பதிவு செய்தார். 1970களில் ஜப்பானின் டகுவோ அயோயாகி அந்தத் துடிப்பைக் கொண்டே ஆக்சிஜனை அளக்கலாம் என்று கண்டார். கொரோனா காலத்தில் வீடு வீடாக வந்த ஆக்சிமீட்டர் அதன் வாரிசு. விரல் சில்லிட்டிருந்தால் அது தடுமாறும். தோலின் குழாய்கள் மூடியிருந்தால் துடிப்பு கிடைக்காது. நிறமும் அதைக் குழப்பும். 2020இல் அமெரிக்க மருத்துவமனைகளில் பார்த்தபோது, ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டிய நேரத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையர்களில் 3.6 சதவீதத்தில். நம் நிறத்தவர்கள் இந்த எண்களைச் சும்மா கடந்துபோக முடியாது. 1975இல் மைக்கேல் ஸ்டெர்ன் அறிமுகப்படுத்திய லேசர் டாப்ளர் முறை, ஓடும் சிவப்பணுக்களில் பட்டுச் சிதறும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஓட்டத்தை மதிப்பிடுகிறது. சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் அதற்குத் தெரியாது, ஆகவே தோலோடு சரி. மில்லிலிட்டர் கணக்கும் அது தராது. தன் சொந்த அலகில் ஏறியது, இறங்கியது என்று மட்டும் சொல்லும்.

கருவியே இல்லாத ஓர் அளவீடும் இருக்கிறது. நகத்தையோ விரல் நுனியையோ அழுத்தி வெளுக்கச் செய்து, விட்டதும் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவது. அதிர்ச்சி நிலையில் உடம்பு ரத்தத்தை முதலில் பறிப்பது தோலிடமிருந்துதான். அழுத்தம் சரியாக இருக்கும்போதே விரல் நுனி செய்தி சொல்லிவிடும். நம் ஊர் டெங்கு வார்டுகளில் குழந்தையின் கைகால் சில்லிட்டிருக்கிறதா, அழுத்திய இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா என்று மருத்துவரும் செவிலியரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காக.

இது பழங்கால வைத்தியம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 28 மருத்துவமனைகள் அதைச் சோதித்தன. ரத்தத்தில் கிருமி பரவி அதிர்ச்சி நிலைக்குப் போன 424 பேரில் ஒரு பாதிப் பேருக்கு ரத்த லாக்டேட் பரிசோதனையை வைத்தும், மறு பாதிப் பேருக்கு விரல் நுனியை வைத்தும் சிகிச்சை நடந்தது. 2019இல் வெளிவந்த முடிவில், 28 நாளில் இறந்தவர்கள் லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம், விரல் பிரிவில் 34.9 சதவீதம். புள்ளியியலின் கண்டிப்பான எல்லையை அந்த வித்தியாசம் மயிரிழையில் தொடவில்லை. ஆனால் ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்ப வழியில்லாத ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியை நம்பிச் செயல்படலாம் என்ற தெம்பை அது கொடுத்தது.

முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆய்வில் ஆள்காட்டி விரலின் உட்புற நுனியைக் கண்ணாடிச் சில்லால் வெளுக்கும்வரை அழுத்தி, 10 நொடி அப்படியே பிடித்து, விட்டதும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்கள். மூன்று நொடிக்கு மேல் போனால் கோளாறு. அறையில் ஏசி கடுமையாக ஓடினால் நலமாக இருப்பவருக்கும் நேரம் நீளும். முதலில் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு அழுத்திப் பார்க்க வேண்டும்.